கேட்டு வாங்கிய தடை

இதை எழுதாமல் பல வருடங்களாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். இந்தப் பத்திரிகைத் தொடரைத் தொடங்கும்போதே இதுதான் முதலில் வரவேண்டியது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பனியைப் பற்றி எழுதினேன். முதல் வேலையைப் பற்றி எழுதினேன். போன கிழமை, என் மூத்தவள் சின்ன வயதில் தன் வகுப்பு ரீச்சருக்குப் பிரெஞ்சில் திருநீறு என்றால் என்னவென்று விளக்கப்போய், "சாமியின் பவுடர்" என்று சொல்லிவிட்டு வந்ததை எழுதினேன். வாசித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னீர்கள். சிரிக்கிற கதையைச் சொல்வது சுலபம்.

மூன்று முறை காகிதம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று முறையும் வேறு எதையோ எழுதி அனுப்பினேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான், சோடித்து எழுதத் தெரியாது. தெரிந்திருந்தால் இதையும் சோடித்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. முருகனை நினைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை

மரங்கள் இலை கொட்டி முடித்திருந்தன. பனி இன்னும் விழத் தொடங்கவில்லை. மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் நாங்கள் அப்போது இருந்த வீட்டின் குசினியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னேர வேலை. என் மனைவி பவானி சின்னவனைப் பிள்ளைகள் காப்பகத்தில் விடப் போயிருந்தாள். தொலைபேசி அடித்தது.

"தம்பி, நான் ஈஸ்வரி அக்கா கதைக்கிறன். அவர் போயித்தார்."

ஈஸ்வரி அக்கா, பூபாலபிள்ளை அண்ணையின் மனைவி. அண்ணை கொஞ்சக் காலமாகவே சிறுநீரக வருத்தத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அக்கா அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் எடுத்திருக்கவேண்டும்.

"ஞாயிற்றுக்கிழமை காலையில கிரியை. ஐயர் ஒராள் டொரொன்டோவில இருந்து வாறார். சுண்ணப் பாட்டு நீங்கதான் பாடணும் தம்பி. அவர் சொல்லித்துத்தான் போனவர்."

"ஓம் அக்கா, வாறன்" என்றேன். வேறு என்ன சொல்வது.

ரிசீவரை வைத்தேன். கையை அதிலிருந்து எடுக்கவில்லை. வெங்காயச் சாறு ரிசீவரில் ஒட்டிப் பிசுபிசுத்தது. அப்போதே கையை எடுத்துக்கொண்டு போய் மிச்ச வெங்காயத்தை உரித்திருந்தால் இன்றைக்கு எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

டிக்கிக்குள் ஒரு உரல்

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சைவக் கிரியையில், உடலை எடுப்பதற்கு முன் சின்ன உரல் ஒன்றில் மஞ்சளும் அறுகம்புல்லும் நல்லெண்ணெயும் இட்டு, பிள்ளைகளும் உறவினரும் உலக்கையை மாறி மாறிப் பிடித்து இடிப்பார்கள். அந்தச் சுண்ணத்தை இறந்தவரின் தலையில் வைப்பார்கள். இடித்து முடியும்வரை ஒருவர் அதற்குரிய பாட்டைப் பாட வேண்டும். உலக்கை விழுகிற கணக்கில் பாட்டு போகவேண்டும். பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும்.

ஊரில் என் அப்பா பாடுவார். பக்கத்தில் நின்று கேட்டதில் எனக்கும் வந்தது. மொன்றியலுக்கு வந்த புதிதில், தெரிந்த ஒருவரின் கிரியையில் பாட ஆளில்லாமல் ஐயர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் பாடினேன். உலக்கைச் சத்தம் கேட்டு, கிரியைக்கு உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்காரப் பெண் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். பேந்து அவளே ஒரு கம்பளியை மடித்து உரலுக்குக் கீழே வைத்துவிட்டு, கைகட்டி நின்று கேட்டாள்.

அன்றிலிருந்து அது என் பொறுப்பாகிவிட்டது. உரலை வெள்ளைத் துணியில் சுற்றி என் கார் டிக்கிக்குள்ளேயே வைத்திருப்பேன். பிள்ளைகள் அந்தக் காரில் பள்ளிக்கூடம் போக மாட்டோம் என்று அடம்பிடிப்பார்கள்.

இன்னொன்றும் என் பொறுப்பு. சாவு விழுந்தால் நேரமும் இடமும் கேட்டுக்கொண்டு, நான்தான் பத்துப் பதினைந்து வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்வேன். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். பின்னேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் சொன்னால் சனம் வரும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பூபாலண்ணை

அவர் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். உறைந்த உணவுத் தொழிற்சாலை ஒன்றில் ஒரே வரிசையில் எதிரும் புதிருமாக நின்று வேலை செய்தோம். பச்சைப் பட்டாணியும் கரட்டும் எங்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும்.

"மனே, உங்கட யாழ்ப்பாணத்தாக்கள் கறிக்குப் போடுற தூளைக் கொஞ்சம் குறைச்சா, கோவம் தன்னால குறையும்" என்பார்.

"நீங்கள் பாயில ஒட்டவைக்கிற ஆக்கள்தானே அண்ணை, நாங்கள் கவனமா இருக்கோணும்" என்று, மட்டக்களப்பார் மந்திரம் போட்டு வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்கிற பழைய பகிடியை நான் திருப்பிக் கொடுப்பேன்.

"உன்னை ஒட்டவைச்சு நான் என்ன செய்ய? பவானிக்கு ஆர் பதில் சொல்றது?"

அந்தப் பவானிக்கு மூத்தவள் பிறக்கிற நாளில் உறைமழை பெய்து தெருவெல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. என்னிடம் அப்போது கார் இல்லை. டாக்சி வரமாட்டேன் என்றது. பூபாலண்ணை டொலார்டில் இருந்த தன் வீட்டிலிருந்து, ஒரு கையால் கார்க் கதவைத் திறந்து பிடித்துத் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டிவந்தார். முன் கண்ணாடி முழுக்க ஐஸ். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது அவருடைய காது நீலமாக இருந்தது.

"பிள்ளைக்கு என்ட பேரை வைக்க வேணாம், பொம்பிளப் பிள்ளையெண்டா பாவம்" என்றார்.

அவர் செய்ததை எழுதிவிட்டேன். இனி நான் செய்ததை எழுத வேண்டும்.

அவர் கேட்ட கேள்வி

அவர் சாவதற்கு ஒரு வருடம் முன்பு ஒரு வாடகை மண்டபத்தில் கூட்டம் நடந்தது. ஊரில் ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் கையில் ஆட்சி இருந்த காலம். இங்கே அவர்களுக்கென்று பகுதிக்கு ஒருவர் பொறுப்பாக இருந்தார். எங்கள் பகுதிக்கு ரவி. பகலில் சாமான் வண்டி ஓட்டுவான். மரியாதையான பெடியன், என்னை விட ஏழெட்டு வயது குறைவு. கூட்டங்களில் முதலில் இறைவணக்கம் பாட என்னைத்தான் கூப்பிடுவான். பாடி முடித்ததும் முன்வரிசையில் இருத்துவான்.

அன்று பேச்சுகள் முடிந்து, "ஆருக்கும் ஏதும் கேக்க இருக்கோ?" என்று ரவி வழக்கம்போலக் கேட்டான். வழக்கம்போல ஒருவரும் கேட்க மாட்டார்கள். பூபாலண்ணை எழும்பினார்.

"என்ட தங்கச்சிட மகளுக்குப் பதினாலு வயசு. பள்ளிக்கூடத்தால வரக்குள்ள வழியில வச்சு இயக்கத்துக்கெண்டு கூட்டித்துப் போயித்தாங்க. தாய்க்காரி சாப்பாடில்லாமக் கிடக்கா. பிள்ளையத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆரிட்டக் கேக்கிற? எனக்கு அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

குரலை உயர்த்தவில்லை. ஒரு விலாசம் கேட்பதுபோலக் கேட்டார்.

"பேந்து கதைப்பம் அண்ணை" என்று ரவி சொன்னான். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இருந்தார். முன்வரிசையில் இருந்த நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் சாப்பாட்டுப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இடம் வெறுமையாகக் கிடந்தது. அவரோடு கதைக்க வேண்டாம் என்று யாரும் சொன்னதாக எனக்குத் தெரியாது. துரோகி என்ற சொல் எப்படியோ வந்து சேர்ந்தது. முதலில் சொன்னவர் யார் என்று இன்றைக்கும் தெரியாது. வேலையில் நான் அவரோடு கதைத்தேன். வெளியில் கண்டால் தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்கு அது விளங்கியது. கோயிலில் என்னைக் கண்டால் அவரே வேறு பக்கம் திரும்பிக்கொள்வார், எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று.

கேட்டுப்போட்டுச் செய்கிற பழக்கம்

இங்கே கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டியிருக்கிறது.

ஊரில் ஆட்கள் மாறி மாறி எங்களை ஆண்டார்கள். ராணுவம் நின்றபோது ராணுவத்திடம் கேட்டோம். இயக்கம் நின்றபோது இயக்கத்திடம் கேட்டோம். ஊரை விட்டு வெளியே போகப் பாஸ். சாமான் கொண்டுவரப் பாஸ். என் அக்காவின் கலியாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டலாமா என்று கேட்க அப்பா சைக்கிளில் அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனார். அப்படிக் கேட்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இருக்கவில்லை. அங்கே இருந்த பெடியனுக்கே அது புதினமாக இருந்ததாம். "கட்டுங்கோ ஐயா" என்று சொல்லியிருக்கிறான். அப்பா திரும்பி வந்து படலையைத் திறக்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு மறக்கவில்லை. தன் மகளின் கலியாணத்துக்கு அனுமதி கிடைத்துவிட்ட சந்தோஷம் அது.

சந்தியில் ஒரு நாள் ஒரு மனிதரைக் கம்பத்தோடு கட்டிச் சுட்டுவிட்டு, கழுத்தில் துரோகி என்று மட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த மனிதர். நான் சைக்கிளை நிறுத்தவில்லை. கடைக்குப் போய் அரிசி வாங்கிக்கொண்டு, அதே வழியால் திரும்பி வந்தேன். அவருடைய வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஒருவரும் போகவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்காக என்னை நான் குறை சொல்லவில்லை.

மொன்றியலில் எனக்கு என்ன காரணம்? அம்மாவும் தம்பியும் ஊரில் இருந்தார்கள், அவர்களுக்கு ஏதும் வந்துவிடும் என்றுதான் செய்தேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அவர்கள் அங்கே இருந்தது உண்மை. ஆனால் அந்த வியாழக்கிழமை, ரிசீவரில் கையை வைத்துக்கொண்டு நின்றபோது, அம்மாவின் நினைவு எனக்கு வரவில்லை. ரவி என்னைப் பற்றி என்ன நினைப்பான் என்ற நினைவுதான் வந்தது. அடுத்த விழாவில் இறைவணக்கத்துக்கு வேறு யாரையும் கூப்பிட்டுவிடுவானோ என்ற நினைவு வந்தது.

ரவிக்கு எடுத்தேன்

"தம்பி ரவி, பூபாலபிள்ளை செத்துப்போனார். கேள்விப்பட்டனீங்களோ?"

"ஓம் அண்ணை, இப்பதான் சொல்லிச்சினம்." பின்னால் அவனுடைய பிள்ளை பார்க்கிற பிரெஞ்சுக் காட்டூன் கேட்டது.

"ஞாயிற்றுக்கிழமை கிரியையாம். சுண்ணப் பாட்டுக்கு என்னைக் கேட்டிருக்கினம்."

"ம்."

"அதுதான், போகலாமோ எண்டு..."

காட்டூனின் சத்தம் குறைந்தது.

"ஏனண்ணை இதை என்னட்டைக் கேக்கிறியள்?"

"இல்லைத் தம்பி, உங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுச் செய்தால் நல்லது எண்டு."

"கேக்காமப் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப கேட்டுப்போட்டியள். நான் போங்கோ எண்டு சொன்னால், நான் சொல்லித்தான் போனனீங்கள் எண்டு வரும்." பெருமூச்சு விட்டான். "யோசிச்சுச் செய்யுங்கோ அண்ணை."

அவ்வளவுதான். போகாதே என்று அவன் சொல்லவில்லை. ஒரு மிரட்டல் இல்லை. நான்தான் "விளங்குது தம்பி, விளங்குது" என்று சொல்லி வைத்தேன்.

மேலயிருந்து

போகாமல் மட்டும் விட்டிருந்தால் அது என் ஒருவனின் கோழைத்தனம். நான் அதோடு நிற்கவில்லை. எல்லோரும் போய் நான் மட்டும் போகாமல் நின்றால் என்னை என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். வழக்கமாக எடுக்கிற வீடுகளுக்கு வழக்கம்போல எடுத்தேன்.

முதலில் சந்திரன். எங்களோடு அதே தொழிற்சாலையில் இருந்தவன்.

"சந்திரன், பூபாலண்ணையின்ர கிரியை ஞாயிற்றுக்கிழமையாம். போகாம விடுறது நல்லம்போல கிடக்கு."

"ஏனண்ணை? நான் வேலைக்கு லீவும் சொல்லிப்போட்டன்."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். லீவு சொல்லிவிட்டான் என்றால் போகத்தான் இருக்கிறான். அவனைப் பார்த்து நானும் போயிருக்கலாம். நான் சொன்னது இது:

"மேலயிருந்து சொல்லியிருக்கினம்."

"அப்ப சரி அண்ணை. லீவை வெட்டிப்போட்டு வேலைக்குப் போறன்" என்றான்.

அப்படியே ஒவ்வொரு வீடாக எடுத்தேன். யாரும் "ஆர் சொன்னது?" என்று இரண்டாம் தரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். சிலர் நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே "ஓம் ஓம்" என்றார்கள்.

பவானி வந்து கதவடியில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வைத்ததும் கேட்டாள்.

"மேலயிருந்து எண்டால் ஆர்?"

"ரவியோட கதைச்சனான்."

"எங்களுக்கு மேல அந்த வியட்நாம் குடும்பம்தானே இருக்கு. ரவி எப்ப அங்கை குடிவந்தவர்?"

திரும்பவும் வெங்காயத்தைக் கையில் எடுத்தேன்.

சனிக்கிழமை ஈஸ்வரி அக்காவுக்கு எடுத்து, தொண்டை கட்டிவிட்டது, பாட ஏலாது என்றேன்.

"ஐயோ தம்பி. கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்க. பாடாட்டியும் காரியமில்ல. வந்து நிண்டாப் போதும்."

"பாப்பம் அக்கா."

பவானி அதையும் கேட்டாள். "தொண்டைதானே கட்டினது. கால் நடக்கும்தானே" என்றாள். அந்தக் கிழமை அதற்கு மேல் அவள் என்னோடு கதைத்ததாக நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

விடிய எழும்பிக் குளித்துத் திருநீறு பூசிச் சாமி அறையில் விளக்கேற்றினேன். வழக்கமாகப் பாடுகிற பதிகத்துக்கு வாய் தானாகத் திறந்தது. குரல் மணி மாதிரி வந்தது. முருகனுக்கு முன்னால் நான் பொய்க்காரன் என்று என் தொண்டையே காட்டிக்கொடுத்துவிட்டது. அந்த வரியோடு நிறுத்திவிட்டு எழும்பினேன்.

பால் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு காரை எடுத்தேன். வீட்டில் பால் இருந்தது. மலர்ச்சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு டெப்பனர் இருந்தது. இந்த ஊரில் பாலும் பேப்பரும் விற்கிற மூலைக் கடையை அப்படித்தான் சொல்வோம். அதன் முன்னால் நிறுத்தினேன். மலர்ச்சாலை வாசலில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று அக்கா வீட்டாருடையது.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அண்ணையின் மகள் நிவேதா வெளியே வந்தாள். ஒரே பிள்ளை. அப்போது இருபது வயது இருக்கலாம். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கட்டிப் பழக்கமில்லாததால் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். மேல்கோட் போடவில்லை. தெருவின் இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். சனம் வந்தால் தொடங்கலாம் என்று ஐயர் சொல்லியிருக்க வேண்டும்.

அவளுடைய பார்வை கடைப்பக்கம் திரும்பியபோது நான் ஆசனத்தில் கீழே சரிந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே என் முழங்கால் இடித்தது. நாற்பத்தைந்து வயது மனிதன், நெற்றி நிறையத் திருநீறு, ஒரு பிள்ளை கண்டுவிடக்கூடாது என்று காருக்குள் ஒளிந்தான். சுண்ணம் இடிக்கிற உரல் என் முதுகுக்குப் பின்னால் டிக்கிக்குள் கிடந்தது.

நான் நிமிர்ந்தபோது கதவு மூடியிருந்தது. கடைக்குள் போய்ப் பால் வாங்கினேன். "போன் ஜூர்னே" என்று நல்ல நாளுக்கு வாழ்த்தினாள் கடைக்காரி. "மெர்சி" என்றேன்.

தொண்டை சுகமா?

அதன் பிறகு இரண்டு வருடங்கள் கழிந்திருக்கும். கிளினிக் ஒன்றில் காலையில் இரத்தப் பரிசோதனைக்கு இலக்கம் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்துக் கதிரையில் யாரோ வந்து இருந்தார்கள். ஈஸ்வரி அக்கா.

"தம்பி, தொண்டை சுகமா?" என்று கேட்டா.

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டா. இரண்டு வருடமாக என் தொண்டையை நினைவில் வைத்திருந்திருக்கிறா.

"சுகம் அக்கா."

"அண்டைக்குப் பாட ஆளில்லாம என்ன செய்யிற எண்டு இருக்கக்குள்ள, மகள் ஒரு கசற்றைத் தேடி எடுத்தாள். முந்தி ஒரு கிரியையில நீங்க பாடினத அவர் பதிஞ்சு வச்சிருந்தவர். அதைத்தான் போட்டம். உரலுக்கு மலர்ச்சாலைக்காரி எங்கயோ இருந்து ஒரு கல்லுக் கிண்ணம் கொண்டுவந்து தந்தா. உங்கட குரலிலதான் தம்பி சுண்ணம் இடிச்ச."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இடையில நீங்க அதட்டுறதும் அதில கேக்குது. 'விடாம இடியுங்கோ பிள்ளை, விடாம இடியுங்கோ' எண்டு. மகள் தனக்குத்தான் சொல்றீங்க எண்டு நினைச்சு இன்னும் ஓங்கி இடிச்சாள். மாத்திப் பிடிக்க ஆளில்லத்தானே. கையெல்லாம் கொப்புளம்."

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்லத் தொடங்கினா. எனக்கு.

"நீங்க கவலைப்படாதீங்க. ஆரையும் நான் குறை நினைக்கல்ல. மேலயிருந்து தடை போட்டா நீங்கெல்லாம் என்ன செய்ற? விட்டிருந்தா அவ்வளவு பேரும் வந்திருப்பீங்கதானே. அந்த நினைப்பிலதான் நான் இருக்கன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். அக்காவின் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினா. இலக்கம் கூப்பிட்டது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதவேண்டும்.

ஒரு வடை

பிறகு ஊரில் போர் முடிந்தது, இயக்கமும் அழிந்தது. இங்கே கூட்டங்களும் நின்றன. முன்வரிசையும் இல்லை, முன்வரிசைக்கு ஆசைப்படவும் ஆளில்லை. அப்போதுதான் சனம் வாய் திறந்தது. அந்தக் காலத்தில் யார் யார் என்னென்ன பட்டார்கள் என்று பிறந்தநாள் விழாக்களில் கதைத்தார்கள்.

அப்படி ஒரு விழாவில் பூபாலண்ணையின் கதை வந்தது. சந்திரன்தான் சொன்னான். "கிரியைக்குக்கூடப் போகவிடேல்லை. தடை போட்டவங்கள். எங்கட அண்ணையைப் பாருங்கோ, பாவம், சொந்தச் சகோதரம் மாதிரி இருந்தவர். அவரைப் பாடக்கூட விடேல்லை."

எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். ஒரு அம்மா என் தட்டில் இன்னொரு வடையை வைத்தா. நான் அதைச் சாப்பிட்டேன்.

சில நாள் கழித்து ரவியைக் காய்கறிக் கடையில் கண்டேன். தலை நரைத்திருந்தது. கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணை, பூபாலபிள்ளையின்ர கிரியைக்கு நான் தடை போட்டதெண்டு சனம் கதைக்குது. நான் போட்டனானோ?"

"இல்லைத் தம்பி."

"நீங்கள் எடுக்காட்டி நான் அதைப் பற்றி யோசிச்சிருக்கவும் மாட்டன்."

அவனும் அன்று 'போங்கோ' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆனால் அது அவன் சொல்லவேண்டிய கதை. என் கதைக்குள் அவனை இழுத்துவந்து ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை.

டொலார்ட் வீட்டில்

போன மாதம் ஈஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனேன். பவானி வரவில்லை. "நீங்கள் தனியச் செய்தது, தனியப் போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

அக்கா துவைத்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தா. நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன். தடை ஒன்றும் வரவில்லை. நான்தான் எடுத்துக் கேட்டேன். மேலயிருந்து என்று எல்லோருக்கும் சொன்னதும் நான்தான். தொண்டை கட்டவில்லை.

அக்கா ஒரு துவாயை மடித்து வைத்தா. இன்னொன்றை எடுத்தா, மடிக்கவில்லை.

"அப்ப சந்திரன் தம்பியும் மத்த ஆக்களும் நீங்க சொல்லித்தான் வராம விட்ட?"

"ஓம் அக்கா."

"இல்லாட்டி வந்திருப்பாங்க?"

"சந்திரன் லீவு போட்டிருந்தவன்."

"அது அவங்களுக்குத் தெரியுமா? தடை இல்ல எண்டு?"

"தெரியாது."

"அப்ப எனக்கு மட்டும் வந்து சொல்லி என்ன பிரயோசனம்? அவங்களுக்கும் சொல்லுங்க. என்ட மகளுக்கும் சொல்லுங்க. அவள் அண்டையில இருந்து தமிழாக்கள் இருக்கிற இடத்துக்கே வாறல்ல."

பத்திரிகையில் தொடர் எழுதுவதைச் சொன்னேன். பிறகு, எத்தனை பட்டும் போகாத அந்தப் பழக்கத்தில், "எழுதட்டோ அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தா. அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. களைத்துப்போன பார்வை.

"இதையும் ஆரிட்டயும் கேட்டுத்துத்தான் செய்வீங்களா?" என்றா.

தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை. மிச்ச உடுப்புகளை மடிக்கத் தொடங்கினா. நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

நிவேதாவுக்குக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். தமிழ் வாசிக்கக் கஷ்டப்படுவாள் என்று மூத்தவளைக் கொண்டு பிரெஞ்சில் எழுதுவித்தேன். எழுதும்போது என் மகள் இரண்டு இடத்தில் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு எழுதி முடித்தாள். நிவேதாவின் பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம்.

இந்த அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன் பவானிக்கு வாசித்துக் காட்டினேன். இவ்வளவு காலமும் என்னைக் குத்திக்கொண்டிருந்தவளுக்கே, வாசித்து முடிந்ததும் மனம் இளகிவிட்டது. "அந்தக் காலம் அப்படி எண்டு ஒரு வரி போடுங்கோவன்" என்றாள். போடவில்லை.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நின்றவர்கள் உங்களுக்குள் இருப்பீர்கள், அவர்களைத் தெரிந்தவர்களும் இருப்பீர்கள். இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். உள்ளபடி சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லைக் கூட்டாதீர்கள். அவரை மிரட்டியிருப்பார்கள், ஊரில் தாய் இருந்தா, அவர் என்ன செய்வார் என்று சொல்லாதீர்கள். யாரும் மிரட்டவில்லை. நானாகத் தொலைபேசியை எடுத்தேன், நானாகக் கேட்டேன், சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னேன். பூபாலபிள்ளை அண்ணையின் கிரியைக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. நாங்கள் எல்லோரும் போயிருக்கலாம்.